ஒரு பிரசவம், இரண்டு பத்தியம்

2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வெளியே காட்டுத் தீயின் புகைமூட்டம். வெயில் ஏறிய பிறகும் எதிர்க் கட்டடம் மங்கலாகத்தான் தெரிந்தது. துறைமுக நகரமான கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பிரசவ அறைக்கு வெளியே இருந்த ஐந்து நாற்காலிகளில் மூன்றில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்: நான், மூத்த மருமகன், இளைய மருமகன். என் மகள்கள் இருவரும் உள்ளே இருந்தார்கள். இளையவள் படுக்கையில். மூத்தவள் அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில். பிறக்க வேண்டியது மூத்தவளின் பிள்ளை.

கதவைத் திறந்துகொண்டு ஒரு தமிழ்த் தாதி வந்தாள்.

"பொம்பளப் பிள்ளை. ரெண்டு கிலோ எண்ணூத்தி எழுபது. அப்பா யாரு?"

மருமகன்கள் இருவரும் எழுந்து நின்றார்கள். தாதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாராச்சும் ஒருத்தர் வாங்க லா."

"நீங்க போங்க அண்ணே," என்றார் இளையவர். "நான் ரெண்டு தடவை பார்த்தாச்சு." சொல்லிவிட்டு உட்கார்ந்து செருப்பின் வாரைச் சரிசெய்யத் தொடங்கினார். வார் சரியாகத்தான் இருந்தது.

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக முப்பத்து மூன்று வருடம் இருந்தவன். கப்பலிலிருந்து இறங்குவதும் கிடங்குக்குள் போவதும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார்கள். எண்ணிக்கை ஒத்துவராத இடத்தில் நான் இன்றைக்கும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவேன். அன்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரும்ப எண்ணினேன். ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு தகப்பன்கள் எழுந்து நின்றார்கள்.

மூத்தவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஒரு மணி நேர ரயில் தூரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அவளும் கணவரும் இருக்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு கட்டிக்காக அறுவை செய்தபோது அவள் கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன என்றும், சுமக்க வேறொருத்தி கிடைத்தால் பிள்ளை அவர்களுடையதாகவே இருக்கும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இளையவள் கிள்ளானில் என்னோடுதான் இருக்கிறாள். அவள் கணவருக்கு ஷா ஆலமில் தொழிற்சாலை வேலை, மாறி மாறி ஷிப்ட். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கையில் நண்டுக்காலை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"அக்கா, நான் தூக்கிக்கிறேன் உனக்கு."

மூத்தவளுக்கு என்னவென்று புரியவில்லை. புரிந்ததும் எழுந்து கை கழுவப் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. இளைய மருமகன் மூன்று நாள் அவகாசம் கேட்டார். மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "சரி லா மாமா, அவ முடிவு பண்ணா பண்ணதுதான்," என்றார்.

வக்கீல் நிறையப் பேசினார். முஸ்லிம் அல்லாத எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டம் இதைச் செய்யாதே என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. பெற்றவள்தான் தாய், அவள் புருஷன்தான் தகப்பன். பிறப்புப் பத்திரம் இளையவள் பெயரில்தான் வரும். பிறகு மூத்தவள் நீதிமன்றத்தின் மூலம் தன் பிள்ளையைத் தானே தத்தெடுக்க வேண்டும். அதுவரைக்கும் இளையவள் தர மாட்டேன் என்று சொன்னால் அசைக்க முடியாது. மருத்துவமனையில் ஆலோசனை சொல்லும் பெண்மணி இதையே வேறு மாதிரி சொன்னார். பிறந்ததும் பிள்ளை ஒரு வீட்டுக்கும் பெற்றவள் வேறு வீட்டுக்கும் போய்விட வேண்டும், முதல் சில வாரங்கள் அதுதான் இருவருக்கும் பத்திரம் என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம்.

சுமந்த மாதங்களில் வீட்டு வேலை எதுவும் குறையவில்லை. காலை ஆறே காலுக்குப் பேத்திக்குத் தலை பின்ன வேண்டும், ஆறே முக்காலுக்கு ஸ்கூல் வேன். வாந்தி எடுத்துவிட்டு வந்து பின்னலை முடிப்பாள். பேரனைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனோ படியேறும்போதெல்லாம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பான். அவள் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்வாள். அதற்கும் மடி வரவரக் குறைந்தது. பாசார் மாலத்தில், அந்த இரவுச் சந்தையில், தெரிந்தவர்கள், "மூணாவதா? பரவாயில்லையே," என்பார்கள். முதலில் "ஆமா ஆன்டி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தவள், ஆறாம் மாதத்துக்குப் பிறகு, "எங்க அக்கா பிள்ளை ஆன்டி," என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கீரை பொறுக்குவாள்.

பிள்ளைகளிடம் அவளே சொன்னாள். பேத்தி இரண்டு கேள்வி கேட்டாள். பெரியம்மா வயிறு ஏன் வேலை செய்யவில்லை? பாப்பா வெளியே வந்ததும் யாரைப் போல இருக்கும்? பதில் கிடைத்ததும் தம்பிக்கு விளக்கினாள்.

"அம்மா ஸ்கூல் வேன் மாதிரிடா. ஏத்திக்கிட்டுப் போயி, பெரியம்மா வீட்டுல இறக்கி விட்டுருவாங்க."

"வேன்ல ஏர்கோன் இருக்கா?" என்று கேட்டான் அவன்.

பிரச்சினை ஒன்பதாம் மாதத்தில், முறையின் வழியாக வந்தது. எங்களில் முதல் பிள்ளைக்குப் பத்தியம் பார்ப்பது தாய்வீட்டின் பொறுப்பு. பெண் தன் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வருவாள். முப்பது நாள் உடம்புக்குத் தண்ணீர் ஊற்றி, வயிற்றைக் கட்டி, பூண்டும் சுறாவும் கொடுத்து, முப்பதாம் நாள் தலை முழுக வைத்து, பிள்ளைக்குக் காப்புப் போட்டு அனுப்ப வேண்டும். என் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. இளையவளின் முதல் பிரசவத்துக்கு அவள் இருந்து எல்லாம் செய்தாள். மூத்தவளுக்கு அந்த முப்பது நாளை நான் இன்னும் செய்யவில்லை. அது என் கணக்கில் நின்றுகொண்டிருந்தது.

நான் வாய் திறக்குமுன் மூத்தவளே கேட்டாள்.

"அப்பா, எனக்கு இது ஒரு தடவைதான். பிள்ளையோட நானும் அம்மா வீட்டுக்கு வரணும். நேரா பிரிக்பீல்ட்ஸுக்குத் தூக்கிட்டுப் போனா, கடையில வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கும்."

"வரட்டும்பா," என்றாள் இளையவள். "முன் ரூம் சும்மாதானே கிடக்கு."

ஆலோசனைப் பெண்மணி சொன்னதை இளைய மருமகன் மட்டும்தான் ஞாபகப்படுத்தினார். "வேணாம் மாமா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வேணாம்." தாய்வீடு ஒன்றுதான் இருக்கிறது, அதை நான் எப்படி இரண்டாக்குவது என்று கேட்டேன்.

அக்டோபர் 11, புதன்கிழமை, எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். முன் அறையில் மூத்தவளும் குழந்தையும். பின் அறையில் இளையவளும் அவள் பிள்ளைகளும். இடையில் ஒரு சுவர், ஒரு செங்கல் கனம். நான் ஹாலில். பத்தியம் பார்க்கப் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயது இருக்கும். ஒரு பை நிறைய மஞ்சள், எண்ணெய், சூரணம். வந்ததும் இரண்டு அறையையும் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"அண்ணே, தண்ணி யாருக்கு ஊத்தணும்?"

விவரத்தைச் சொன்னேன். அவர் மூக்குத்தியைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "சரி, பெத்த உடம்புக்கு நான் பொறுப்பு. மத்தது உங்க வீட்டு விஷயம்," என்றார்.

பத்தியத்தின் முதல் நாளான அன்றே, இளையவளுக்கு வெந்நீர் ஊற்றி முடித்தபோது குளியலறை வாசலில் மூத்தவள் துண்டோடு நின்றாள்.

"எனக்கும் ஊத்துங்க ஆன்டி."

"உனக்கு எதுக்குமா? உன் இடுப்பு நல்லாதானே இருக்கு."

"ஊத்துங்க."

ஊற்றினார். அன்றிலிருந்து அடுப்பில் இரண்டு பானை வெந்நீர். பத்தியச் சோறும் இரண்டு தட்டு. மிளகு, பூண்டு, சுறாப் புட்டு இரண்டிலும் இருந்தது. சுறா பால் சுரக்க என்பது எல்லோருக்கும் தெரியும். மூத்தவளுக்குச் சுரக்க வழியில்லை. இளையவளோ பால் வற்றுவதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருந்தும் புட்டை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழந்தை புட்டிப்பால் குடித்தது, ஆனால் சண்டை போட்டுக் குடித்தது. அது அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் இளையவளின் சட்டை நனைந்துவிடும். பால் கட்டிய வலி தணிய முட்டைக்கோஸ் இலையை ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து நெஞ்சில் கட்டிக்கொள்வாள். நான் ஐந்து நாளில் நான்கு கோஸ் வாங்கினேன். காய்கறிக்கடைக்காரர், "அங்கிள், வீட்டுல சைவமா?" என்று கேட்டார்.

ஆறாம் நாள் மத்தியானம் இரண்டு மணியிருக்கும். குழந்தை அரைமணி நேரமாக அழுதது. மூத்தவள் புட்டியின் ரப்பரை மாற்றிப் பார்த்தாள், பாலை ஆற்றிப் பார்த்தாள். அவசரத்தில் பால்மாவு தரையில் கொட்டியது. காப்பார் அம்மாள் சமையலறையிலிருந்து வந்தார். நேராகக் குழந்தையை எடுத்தார், பின் அறைக்குப் போனார், இளையவள் மடியில் வைத்தார். அழுகை நின்றது. அந்த அம்மாளுக்கு அது அடுப்பில் பொங்கும் பாலை இறக்கி வைப்பது போன்ற வேலை.

மூத்தவள் புட்டியோடு கதவருகே நின்றாள். இளையவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நான் கேக்கல. அவங்கதான்…"

"குடிக்கட்டும்டி. குடிக்குதுல்ல, அதுதானே வேணும்."

சொன்னவள் புட்டியைக் கழுவி வைக்கப் போனாள். மறுநாளிலிருந்து இளையவளின் மாத்திரை நின்றது. குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முறை சுவரைத் தாண்டிப் போய் வந்தது. பத்தாம் நாளில் ஆறு முறைதான் திரும்பி வந்தது. பால் குடித்த மயக்கத்தில் பின் அறையிலேயே தூங்கிவிடும், எழுப்ப யாருக்கும் மனம் வராது.

அந்த நேரங்களில் மூத்தவள் சும்மா இருக்கவில்லை. அவளுக்குச் சும்மா இருக்க வராது. பேத்திக்குத் தலை பின்னினாள், வேனில் ஏற்றினாள், வீட்டுப்பாடம் பார்த்தாள். பேரனைத் தூக்கிக்கொண்டாள். பல மாதமாகத் தூக்க ஆளில்லாதவன் அவன். இடுப்பில் ஏறியவன் இறங்கவேயில்லை. சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, கதை சொல்வது எல்லாம் அவளிடம் போயின. நான் ஹாலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முன் அறையில் இளையவளின் இரண்டு பிள்ளைகள், பின் அறையில் மூத்தவளின் ஒரு பிள்ளை. மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தது. கிடங்குதான் மாறியிருந்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இளைய மருமகன் இரவு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மூத்தவர் மாலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வந்து, குழந்தையைப் பார்க்கப் பின் அறை வாசலில் நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். தன் பிள்ளையைப் பார்க்க அவர் அனுமதி கேட்கிறார் என்பது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

பதின்மூன்றாம் நாள் மாலை. மழை வரப்போகிறது என்று துணிகளை எடுத்து வந்து போட்டிருந்தேன். இளையவள் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேரன் தட்டோடு வந்தான்.

"வாடா, அம்மா ஊட்டுறேன்," என்றாள், ஒரு கையை நீட்டி.

"வேணாம். நீங்க பாப்பாவுக்கு ஊட்டுங்க. பெரியம்மா எனக்கு ஊட்டுவாங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. யார் யாருக்கு என்று ஏற்கெனவே பிரித்தாகிவிட்டதைப் போல, நல்லவிதமாகத்தான் சொன்னான். தட்டைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போனான். இளையவளின் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கையையும் குழந்தையின் மேல் வைத்துக்கொண்டாள். நான் துணி மடித்தேன்.

மறுநாள் காலை, பேத்தி வேனில் போன பிறகு, இளையவள் சமையலறையில் என்னிடம் வந்தாள். காப்பார் அம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னைக்கே அக்காவைப் பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பி வைங்க. பாப்பாவோட."

"இன்னும் பதினாறு நாள் இருக்கு. முப்பது ஆகாம பொண்ணை அனுப்புறது முறையில்லைம்மா."

"முப்பது ஆச்சுன்னா நான் குடுக்க மாட்டேன்பா."

மிரட்டலாக இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வது போலச் சொன்னாள். அரிசி டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். பத்திரத்துல என் பேருதானே இருக்குன்னு தோணுச்சு. அந்த மாதிரி யோசிக்கிற ஆளு இல்ல நான். ஆனா யோசிச்சேன். அவன் தட்டைத் தூக்கிட்டுப் போறான், எனக்கு வலிக்குது, ஆனா இதைக் கீழ வைக்க முடியல. ரெண்டும் கையில நிக்காது. இன்னைக்கு அனுப்புங்க. அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

காப்பார் அம்மாள் தலை நிமிராமல், "விஜயதசமி இன்னைக்கு. நாள் நல்லாதான் இருக்கு," என்றார்.

மூத்தவள் முன் அறையில் பேரனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவனை வெளியே அனுப்பிவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அம்மா இருந்திருந்தா அனுப்புவாங்களா?"

"தெரியலம்மா."

"நான் என்ன தப்பு பண்ணேன்? அவ பால் குடுத்தா, நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அவ பிள்ளைங்களப் பார்த்துக்கிட்டேன். உதவிதானே பண்ணேன்?"

"உன் பிள்ளை உனக்கு வேணும்னா இன்னைக்குப் போயிடு."

"அவ சொன்னாளா?"

"அவதான் சொன்னா."

அவள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. தங்கை அப்படி ஒன்றைக் கேட்டிருக்கிறாள் என்றால் ஏன் கேட்டிருப்பாள் என்பது அவளுக்கு உறைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. எழுந்து பையை எடுத்துத் துணிகளை வைக்கத் தொடங்கினாள். "முப்பது நாள் கேட்டேன், பதினாலு கொடுத்தீங்க," என்றாள். கணக்கு சரிதான்.

மூத்த மருமகன் பதினொன்றரை மணிக்குக் காரோடு வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இளையவள் குழந்தைக்கு ஒரு முறை பால் கொடுத்தாள். தோளில் போட்டு முதுகைத் தட்டி, ஏப்பம் வந்த பிறகு அக்காளிடம் கொடுத்தாள்.

"ரப்பர் சின்னதா இருக்குக்கா. பெருசு வாங்கு. இடது பக்கம் தலை வச்சாதான் தூங்கும்."

"சரி."

"ரெண்டு நாள் அழும். என்னைக் கூப்பிடாத. போன் பண்ணாத."

"சரிடி."

இளையவள் வாசலுக்கு வரவில்லை. பேரன்தான் வந்து கையாட்டினான். கார் திரும்பியதும் உள்ளே ஓடினான். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தபோது அவன் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முதுகில் சாய்ந்து பொம்மை லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் சட்டை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. மத்தியானம் அவளே அவனுக்கு ஊட்டினாள். மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு, "பெரியம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டான். நான்காவது வாய்க்குச் சண்டை நடந்தது. சண்டையில் அவள்தான் ஜெயித்தாள்.

குழந்தை இரண்டு நாள் இல்லை, நான்கு நாள் அழுதது. மூத்தவள் போன் பண்ணவில்லை. நான்தான் மூத்த மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் பெரிய ரப்பரில் குடித்தது. இளையவளுக்குப் பால் வற்றப் பத்து நாள் ஆனது. தீபாவளிக்கு மூத்தவள் வரவில்லை. தைப்பூசம் கழிந்து, குழந்தைக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, தத்தெடுப்புக்கான கையெழுத்துகளுக்காக இருவரும் வக்கீல் அலுவலகத்தில் சந்தித்தார்கள். இளையவள் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை என்று ஒருமுறை மட்டும் வேறு பேனா கேட்டாள். வெளியே வந்ததும் மூத்தவள் குழந்தையை அவளிடம் நீட்டினாள். "சித்திகிட்ட போ," என்றாள். குழந்தை போகாமல் தாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது. இளையவள் சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நல்ல சிரிப்புதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். மூத்தவள் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசுகிறாள். அந்தப் பதினாறு நாளைப் பற்றி அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

முப்பதாம் நாளன்று மூத்த மருமகன் ஓர் உறையோடு வந்திருந்தார். பத்தியச் செலவு என்றார். முதல் பிள்ளைக்குச் செலவு செய்வது தாய்வீடு, உறையை உள்ளே வையுங்கள் என்றேன். காப்பார் அம்மாள் இளையவளோடு முப்பது நாளும் இருந்தார். ஒரு நாளைக்கு 130 வெள்ளி, ஆக 3,900. மூத்தவளுக்கு நான் கொடுக்காத பதினாறு நாளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் வேறொரு பெண்ணை அமர்த்தினேன். ஒரு நாளைக்கு 150, ஆக 2,400. மூத்தவளுக்கு வெந்நீர் ஊற்றவும் சொல்லியிருந்தேன், ஊற்றினாரா என்று தெரியாது. குழந்தைக்குத் தங்கக் காப்பு 1,780. மருந்து, எண்ணெய், சுறா, பூண்டு, கோஸ், கேஸ் எல்லாம் சேர்த்து 1,126. மொத்தம் ஒன்பதாயிரத்து இருநூற்று ஆறு வெள்ளி.